உங்களுக்குத் தெரியுமா? சித்திர சபையின் சுவரும் நெகிழிச் சிற்றுருவமும்

தென்காசியை அடுத்த குற்றாலத்தின் சித்திர சபை, நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றாகும். இங்கு இறைவன் செப்புத் திருமேனியாக அன்றி, தீட்டப்பட்ட ஓவியமாகவே வழிபடப்படுகிறார். தமிழகச் சுவரோவிய மரபில், சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையைச் சுவரில் பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணச் சாந்தைத் தடவி வழவழப்பாக்கிய பின்னரே வண்ணம் இடப்பட்டது; வண்ணம் பற்றிக்கொள்வதற்கான இத்தகைய அடிப்பூச்சே இன்று பிரைமர் எனப்படுகிறது.

மேசை விளையாட்டுகளுக்காக வண்ணம் தீட்டப்படும் மென்நெகிழிச் சிற்றுருவங்களோ பிரைமருக்குச் சுவரைப்போல் எளிதில் இணங்குவதில்லை. பி.வி.சி. நெகிழியை வளையச் செய்யும் நெகிழ்வூட்டி என்னும் எண்ணெய்த் தன்மையுள்ள சேர்மம் மெல்ல மேற்பரப்புக்குக் கசிவதாலும், சில தெளிப்பு பிரைமர்களின் கரைப்பான் அதனுடன் சேர்வதாலும், பூச்சு நாட்கணக்கில் உலராமல் விரலில் பிசுபிசுக்கும். ஆதலால், வார்ப்பச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தி, நீர் அடிப்படையிலான அக்ரிலிக் பிரைமரைத் தூரிகையால் மெல்லிய இரு படலங்களாக இடுவதே தக்கது. சாரல் காலக் குற்றாலத்தில் காற்றின் ஈரம் உலர்தலைத் தாமதப்படுத்துமாதலால், படலங்களுக்கிடையே கூடுதல் நேரம் விடுவதும், எந்தப் பிரைமரையும் முதலில் உருவத்தின் அடிப்பாகத்தில் பூசிச் சோதிப்பதும் வேண்டும்.