ஹென்றி பிரிக்ஸ்

ஹென்றி பிரிக்ஸ் (1561 – 1630) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலர் ஆவார். 10 ஐ அடிமானமாகக் கொண்ட பொது மடக்கைகளுக்கு முதல் அட்டவணைகளைக் கணித்து வெளியிட்டவர் இவரே. மடக்கையைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் என்பது பள்ளி மாணவர்களும் அறிந்த செய்தி. ஆனால் மின்னணுக் கணிப்பான்கள் பரவும் வரை மாணவர்களும் பொறியாளர்களும் மாலுமிகளும் நாள்தோறும் புரட்டிய மடக்கை அட்டவணைகளில் இருந்த எண்கள் நேப்பியருடையவை அல்ல. அவை பிரிக்சின் வழிவந்தவை. இதனால் பொது மடக்கைகளைப் 'பிரிக்சின் மடக்கைகள்' என்று அழைக்கும் வழக்கமும் உண்டு.

வாழ்க்கை

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் ஹாலிஃபாக்ஸ் என்னும் ஊருக்கு அருகிலுள்ள வார்லிவுட்டில் பிரிக்ஸ் பிறந்தார். உள்ளூர்ப் பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் பயின்றபின், 1577 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1581 இல் இளங்கலைப் பட்டமும் 1585 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1592 முதல் அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

இலண்டன் வணிகர் தாமஸ் கிரெஷாமின் உயிலின்படி 1597 இல் கிரெஷாம் கல்லூரி தொடங்கப்பட்டது. இக்கல்லூரி பட்டம் எதையும் வழங்கவில்லை. நகர மக்கள் எவரும் வந்து கட்டணமின்றி விரிவுரைகளைக் கேட்கலாம். இதன் முதல் வடிவவியல் பேராசிரியராகப் பிரிக்ஸ் அமர்ந்தார். கடற்பயணம் பெருகிவந்த அந்நாளில் இலண்டனில் கணிதத்தை நாடியவர்களுள் மாலுமிகளும் கருவி செய்வோரும் இருந்தனர். பிரிக்சின் தொடக்கக்காலப் படைப்புகளும் இத்துறை சார்ந்தவையே. காந்த ஊசியின் சாய்வைக் கொண்டு துருவத்தின் உயரத்தை அறிவதற்கான ஓர் அட்டவணையை 1602 இல் வெளியிட்டார். எட்வர்டு ரைட்டின் கடற்பயண நூலின் 1610 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இவர் கணித்த அட்டவணைகள் இடம்பெற்றன.

1619 இல் சர் ஹென்றி சவில் ஆக்ஸ்போர்டில் வடிவவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை நிறுவி, அதற்குப் பிரிக்சைத் தேர்ந்தெடுத்தார். யூக்ளிடின் முதல் நூலின் எட்டாவது தேற்றம் வரை சவில் தாமே விரிவுரை ஆற்றி முடித்திருந்தார். பிரிக்ஸ் ஒன்பதாவது தேற்றத்திலிருந்து தொடர்ந்தார். இறுதிவரை ஆக்ஸ்போர்டிலேயே வாழ்ந்த அவர், சனவரி 26 அன்று காலமானார். மெர்ட்டன் கல்லூரித் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அக்கால இங்கிலாந்தில் மார்ச்சு 25 இல்தான் புத்தாண்டு தொடங்கியது. இதனால் அவர் இறந்த ஆண்டு சில நூல்களில் 1630 எனவும் சிலவற்றில் 1631 எனவும் காணப்படுகிறது.

நேப்பியரின் மடக்கை

நேப்பியர் தம் கண்டுபிடிப்பை 1614 இல் இலத்தீன் நூலாக வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிவிடும் இம்முறை பிரிக்சை உடனே ஆட்கொண்டது. 1615 மார்ச்சில் ஜேம்ஸ் உஷருக்கு எழுதிய கடிதத்தில், இந்த அளவுக்குத் தம்மை மகிழ்வித்த நூலைத் தாம் கண்டதில்லை என்றும், வரும் கோடையில் அதன் ஆசிரியரை நேரில் காண விரும்புவதாகவும் குறிப்பிட்டார். எட்வர்டு ரைட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவரது மறைவுக்குப் பின் 1616 இல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவரும் பிரிக்சே.

எனினும் நேப்பியரின் மடக்கை இன்று நாம் அறிந்த மடக்கை அன்று. முக்கோணவியல் கணக்குகளுக்காகவே உருவாக்கப்பட்டதால், அதில் முழுச் சைனுக்கு, அதாவது 1,00,00,000 என்ற எண்ணுக்கு, மடக்கை சுழியம் ஆகும். எண் குறையக் குறைய மடக்கை கூடும். 1 என்ற எண்ணின் மடக்கையோ சுமார் 16 கோடியே 11 இலட்சம்! ஓர் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அதன் மடக்கையிலிருந்து சுமார் 2 கோடியே 30 இலட்சத்தைக் கழிக்க வேண்டும். நாம் எண்களை எழுதும் முறையோ பத்தின் அடுக்குகளால் ஆனது. இவ்விரண்டுக்கும் இருந்த பொருத்தமின்மையைப் பிரிக்ஸ் தம் கிரெஷாம் விரிவுரைகளின்போது உணர்ந்தார்.

மெர்ச்சிஸ்டன் சந்திப்பு

1615 ஆம் ஆண்டுக் கோடையில் பிரிக்ஸ் இலண்டனிலிருந்து எடின்பரோ வரை பயணம் செய்து, மெர்ச்சிஸ்டன் கோட்டையில் நேப்பியரைக் கண்டார். இருவரும் ஒருவரையொருவர் வியந்து நோக்கியபடி ஏறத்தாழக் கால் மணி நேரம் ஒரு சொல்லும் பேசாது இருந்தனர் என்று சோதிடர் வில்லியம் லில்லி பிற்காலத்தில் எழுதிவைத்தார். சோதிடத்தைக் கடுமையாக எதிர்த்தவர் பிரிக்ஸ். அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஒரு சோதிடரின் நூல் வழியாகவே நமக்குக் கிடைத்திருப்பது வேடிக்கைதான்.

பிரிக்ஸ் கொண்டுசென்ற யோசனை இதுவே: முழுச் சைனின் மடக்கை சுழியமாகவே இருக்கட்டும், ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கின் மடக்கை 10,00,00,00,000 என்ற முழு எண்ணாக அமையட்டும். தாமும் நெடுநாளாகவே மாற்றத்தை எண்ணியிருந்ததாகவும், உடல்நலக் குறைவால் தொடங்க இயலவில்லை என்றும் நேப்பியர் கூறினார். பின்னர் அவர் அதைவிடச் சிறந்த ஒன்றை முன்வைத்தார்: சுழியம் 1 என்ற எண்ணின் மடக்கையாக இருக்கட்டும். அவ்வாறு செய்தால் எண் வளர வளர மடக்கையும் வளரும். இதுவே மிகவும் வசதியானது என்று பிரிக்ஸ் உடனே ஏற்றுக்கொண்டார். தாம் ஏற்கெனவே கணித்து வைத்திருந்தவற்றைத் தள்ளிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியதை 1624 ஆம் ஆண்டு நூலில் அவரே பதிவு செய்துள்ளார். இம்மாற்றத்தின் பெருமை யாருக்கு உரியது என்று பின்வந்தோர் சிலர் வழக்காடினர். பிரிக்ஸ் எழுதியதைப் படிப்போருக்கு அவ்வழக்கு தேவையற்றது எனத் தோன்றும்.

1616 கோடையில் புதிய மடக்கைகளுடன் மீண்டும் எடின்பரோ சென்றார். மூன்றாம் முறையும் செல்ல எண்ணியிருந்தார். ஆனால் 1617 ஏப்ரல் 4 அன்று நேப்பியர் மறைந்தார். அதே ஆண்டில் 1 முதல் 1000 வரையுள்ள எண்களின் மடக்கைகளைப் பதினான்கு பதின்ம இடங்களுக்குப் பிரிக்ஸ் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். 10 ஐ அடிமானமாகக் கொண்டு வெளிவந்த முதல் மடக்கை அட்டவணை இதுவே.

புதிய முறையின் பயனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் காணலாம். 47 ஐ 83 ஆல் பெருக்க வேண்டும் எனில், 

47 இன் மடக்கை = 1.67210
83 இன் மடக்கை = 1.91908
கூட்டுத்தொகை = 3.59118

இந்தக் கூட்டுத்தொகையை மடக்கையாகக் கொண்ட எண் 3901. மேலும் 2 இன் மடக்கை 0.30103 எனில் 20 இன் மடக்கை 1.30103, 200 இன் மடக்கை 2.30103. பதின்மப் பகுதி மாறுவதில்லை; முழுவெண் பகுதி மட்டுமே மாறுகிறது. ஆகவே இலக்கங்களுக்கு ஒரே ஓர் அட்டவணை போதும். புள்ளி எங்கே வருகிறது என்பதை மனத்தாலேயே அறிந்துகொள்ளலாம். நேப்பியரின் பழைய மடக்கைகளில் இவ்வசதி இல்லை.

மடக்கைகளைக் கணித்த முறை

அட்டவணையைப் பயன்படுத்துவது எளிது. அதை முதன்முதலில் உருவாக்குவது எப்படி? பிரிக்ஸ் பின்பற்றிய முறை வர்க்கமூலத்தை அடிப்படையாகக் கொண்டது. 10 இன் மடக்கை 1 எனில், அதன் வர்க்கமூலத்தின் மடக்கை 0.5, அதற்கும் வர்க்கமூலம் எடுத்தால் 0.25. இவ்வாறு ஒவ்வொரு முறையும் மடக்கை பாதியாகும். எண்ணோ 1 ஐ நெருங்கிக்கொண்டே வரும். பிரிக்ஸ் 54 முறை தொடர்ந்து வர்க்கமூலம் கண்டார், அதுவும் முப்பதுக்கும் மேற்பட்ட பதின்ம இடங்களுக்கு! இறுதியில் கிடைத்த எண், புள்ளிக்குப்பின் பதினைந்து சுழியங்களும் அதையடுத்து 12781914932... என்ற இலக்கங்களும் கொண்டது.

1 க்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டால், எண்ணின் மிகுதிக்கும் (அதாவது 1 ஐக் கழித்தபின் எஞ்சுவதற்கும்) அதன் மடக்கைக்கும் உள்ள விகிதம் மாறாததாகிவிடுகிறது. அந்த விகிதம் 0.4342944819... என்று பிரிக்ஸ் கண்டார். இந்த ஓர் எண் கையில் இருந்தால் எந்த எண்ணின் மடக்கையையும் காணலாம்: அவ்வெண்ணுக்கு வர்க்கமூலம் மீது வர்க்கமூலம் எடுத்து 1 க்கு அருகில் கொண்டுவந்து, மிகுதியை இவ்விகிதத்தால் பெருக்கி, எத்தனை முறை வர்க்கமூலம் எடுத்தோமோ அத்தனை முறை இரட்டிக்க வேண்டும்.

2 இன் மடக்கையைக் காண அவர் கையாண்ட உத்தி நயமானது. 2 இலிருந்தே தொடங்காமல், 2 இன் பத்தாம் அடுக்கான 1024 ஐ எடுத்து, அதை 1000 ஆல் வகுத்து 1.024 ஆக்கினார். இது ஏற்கெனவே 1 க்கு அருகில் இருப்பதால் 47 வர்க்கமூலங்களே தேவைப்பட்டன. கிடைத்த மடக்கையுடன் 3 ஐக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 2 இன் மடக்கை 0.30102999566398... எனக் கிடைக்கும். பத்தால் வகுக்கும்போது பிழையும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். 1 இலிருந்து இதைக் கழித்தால் 5 இன் மடக்கை உழைப்பின்றிக் கிடைக்கும். பகா எண்களின் மடக்கைகள் தெரிந்துவிட்டால் மற்ற முழு எண்களுக்கு வெறும் கூட்டலே போதும்.

இத்தனை வர்க்கமூலங்களைக் கையால் காண்பது எளிதன்று. இதில் பிரிக்ஸ் ஓர் ஒழுங்கைக் கவனித்தார். 10 இன் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது வர்க்கமூலங்கள் முறையே 1.01815172, 1.00903504, 1.00450736 ஆகும். மிகுதிகள் ஏறத்தாழப் பாதியாகின்றன. ஆனால் சரியாகப் பாதி அல்ல. முதல் மிகுதியின் பாதிக்கும் இரண்டாம் மிகுதிக்கும் உள்ள வேறுபாடு 0.00004082. அடுத்த இணைக்கு அது 0.00001016, அதாவது ஏறத்தாழக் கால் பங்கு. இதிலும் உள்ள சிறு வேறுபாடுகளை எடுத்தால் அவை ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைகின்றன. இவ்வாறு வேறுபாடுகளின் வேறுபாடுகளைக் கொண்டு, வர்க்கமூலம் எடுக்காமலே, வெறும் கழித்தலால் அடுத்த வர்க்கமூலத்தைப் பெற்றுவிடலாம். இதன் உள்ளடக்கம், ஈருறுப்புத் தேற்றத்தை அரை என்ற அடுக்குக்கு விரித்ததற்கு ஒப்பானது. நியூட்டன் அத்தேற்றத்தைக் காண்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரிக்ஸ் இதைத் தொட்டுவிட்டார் என்று கணித வரலாற்றாசிரியர் டி. டி. ஒயிட்சைட் 1961 இல் சுட்டிக்காட்டினார்.

1624 ஆம் ஆண்டு நூலும் விடுபட்ட பகுதியும்

பிரிக்சின் முதன்மைப் படைப்பான 'அரித்மெடிக்கா லாகரித்மிக்கா' 1624 இல் இலண்டனில் வெளியானது. 1 முதல் 20,000 வரையும், 90,000 முதல் 1,00,000 வரையும் உள்ள எண்களுக்குப் பதினான்கு பதின்ம இடங்களில் மடக்கைகள் அதில் தரப்பட்டன. முப்பதாயிரம் எண்கள் எனில், நான்கு இலட்சத்து இருபதாயிரம் பதின்ம இலக்கங்கள்! மடக்கையின் முழுவெண் பகுதிக்கு இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் 'கேரக்டரிஸ்டிக்' என்ற பெயரும் இந்நூலிலிருந்து வந்ததே.

இடையே எழுபதாயிரம் எண்கள் விடுபட்டிருந்தன. அவற்றை நிரப்ப முன்வருவோருக்கு வழிமுறைகளைக் கற்றுத்தரவும், கட்டங்கள் வரையப்பட்ட தாள்களைக் கொடுக்கவும் பிரிக்ஸ் முன்வந்தார். இடைப்பட்ட மதிப்புகளை வேறுபாடுகளால் நிரப்பும் முறையையும் நூலின் 12, 13 ஆம் இயல்களில் விளக்கினார். நண்பர்களிடையே வேலையைப் பகிர்ந்து கணக்கிட்டு, பெரும்பகுதியை முடித்தும்விட்டார்.

இந்நிலையில் 1628 இல் ஒல்லாந்தின் கவுடா நகரிலிருந்து ஆட்ரியான் விளாக் 1 முதல் 1,00,000 வரை முழுமையான அட்டவணையை வெளியிட்டார். அதே ஆண்டு ஜான் பெல்லுக்கு எழுதிய கடிதத்தில் பிரிக்ஸ், தம் சுமை இறங்கிவிட்டது என்றே எழுதினார். ஆனால் தம் மடக்கைகளிலிருந்து நான்கு இலக்கங்கள் வெட்டப்பட்டுப் பத்து இடங்களாகிவிட்டன என்பதையும், முன்னுரையும் 12, 13 ஆம் இயல்களும் நீக்கப்பட்டன என்பதையும் குறிப்பிடத் தவறவில்லை. எண்கள் முழுமையடைந்தன, அவற்றை உண்டாக்கும் வழியைச் சொன்ன இயல்களோ மறுபதிப்பில் இடம்பெறவில்லை. பல ஐரோப்பிய அட்டவணைகளுக்கு விளாக்கின் நூலே மூலமாக அமைந்தது. பதினான்கு இடங்களுக்குப் பிரிக்ஸ் கணித்துவைத்திருந்த எஞ்சிய எண்கள் அச்சேறவே இல்லை.

பிற பணிகள்

தம் இறுதிக்காலத்தில் பிரிக்ஸ் முக்கோணவியல் அட்டவணைகளில் ஈடுபட்டார். பாகையை 60 கலைகளாகப் பிரிக்காமல் நூறாகப் பிரித்து அவற்றைக் கணித்தார். முடிக்கும் முன் அவர் இறக்க, நண்பர் ஹென்றி ஜெல்லிபிராண்ட் நிறைவு செய்து 'டிரிகொனோமெட்ரியா பிரிட்டானிக்கா' என்ற பெயரில் 1633 இல் வெளியிட்டார். நூறாகப் பிரிக்கும் முறை அக்காலத்தில் நிலைபெறவில்லை. இன்று கணிப்பான்களில் பாகைகளைப் பதின்மமாகவே எழுதுகிறோம்.

வட அமெரிக்காவின் வழியே பசிபிக் கடலை அடைய ஒரு நீர்வழி உண்டு என நம்பிய பலருள் பிரிக்சும் ஒருவர். வர்ஜீனியா நிறுவனத்தில் உறுப்பினராக இருந்த அவர், 1622 இல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கணிப்பு தவறியது. அவ்வழியைத் தேடும் லூக் ஃபாக்சின் பயணத்துக்கும் ஆதரவு திரட்டினார். 1631 இல் கப்பல் புறப்படும் முன்பே இறந்துவிட்டார். அட்சன் விரிகுடாவில் கண்ட ஒரு தீவுக்கூட்டத்துக்கு ஃபாக்ஸ் 'பிரிக்சின் கணிதங்கள்' என்று பெயரிட்டார்.

தாக்கம்

கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் குந்தர், பிரிக்சின் முறையில் சைன், டேஞ்சன்ட் மடக்கைகளை 1620 இல் வெளியிட்டார். அவர் மடக்கைகளை ஒரு கோலின் மீது அளவுகளாகப் பொறித்தார். அதிலிருந்தே வில்லியம் ஆட்ரெட்டின் நழுவுகோல் பிறந்தது. பிரிக்சின் நூலின் முந்நூறாவது ஆண்டை ஒட்டி, 1924 இல் அலெக்சாண்டர் தாம்சன் இருபது பதின்ம இடங்கள் கொண்ட அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். அது நிறைவுற்றது 1952 இல்.

அதற்குள் கணினி வந்துவிட்டது. எனினும் பிரிக்சின் முறைகள் முற்றிலும் வழக்கொழியவில்லை. ஓர் எண்ணை 1.1, 1.01, 1.001 போன்ற எளிய காரணிகளாகச் சிதைத்து, அவற்றின் மடக்கைகளைச் சிறு அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டும் முறையும் 1624 ஆம் ஆண்டு நூலில் உண்டு. பெருக்கும் திறன் குறைந்த சில்லுகளைக் கொண்ட கையடக்கக் கணிப்பான்களில் மடக்கையைக் காண இதையொத்த வழிமுறைகள் பயன்பட்டன. நிலவின் மேற்கு விளிம்பை ஒட்டியுள்ள, சுமார் 37 கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று பிரிக்சின் பெயரைத் தாங்குகிறது.