பழைய கார் "மக்கர்" செய்வது ஏன்?

கும்மிடிப்பூண்டியில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். நள்ளிரவு. குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். பொன்னேரிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பா ஓடிப்போய்ப் பழைய அம்பாசிடர் காரில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

"டிக்!"

அவ்வளவுதான். எரிந்து கொண்டிருந்த முன் விளக்கும் அணைந்தது. கார் கிளம்பவில்லை. கடைசியில் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்தார். ஒயர்களை அசைத்துப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது!

"வண்டி நன்றாகத்தானே இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரேயடியாக நின்று போன காரைச் சரி செய்வது சுலபம். சில நேரம் கிளம்பி, சில நேரம் மக்கர் செய்யும் காரைச் சரி செய்வதுதான் கஷ்டம். மெக்கானிக் வரும் நேரத்தில் நோய் ஒளிந்து கொள்கிறது!

பிறகு என்ன நடக்கிறது? முதலில் பாட்டரியை மாற்றுகிறார்கள். அடுத்து செல்ப் மோட்டாரை மாற்றுகிறார்கள். அதற்கடுத்து காயில். பணம் கரைகிறது. நோய் போவதில்லை.

கார் செய்த ஊர்கள்

சென்னையைச் சுற்றியுள்ள இந்தப் பகுதிக்குக் கார் தொழில் பழக்கமானது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனி, பாடியில் செல்ப் மோட்டார்களைச் செய்தது. 1998-ல் திருவள்ளூரில் உள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இருந்து மிட்சுபிஷி லான்சர் கார்கள் வெளிவரத் தொடங்கின.

அதே கம்பெனியின் அம்பாசிடர் கார், மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் தயாரானது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் அப்பா வாங்கிய கார், தாத்தா வாங்கிய கார் என்று ஆசையோடு வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு.

கையால் சுற்றிய காலம்

அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப, முன்பக்கம் இரும்புக் கம்பியை மாட்டிக் கையால் சுற்றுவார்கள். சில சமயம் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கை எலும்பு முறிந்தவர்கள் பலர்!

அமெரிக்க என்ஜினீயர் சார்லஸ் கெட்டரிங் இதற்கு வழி கண்டார். பாட்டரியில் ஓடும் சிறு மோட்டாரை என்ஜினோடு இணைத்தார். 1912-ல் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. நம் ஊரில் "செல்ப்" என்று சொல்வது அதைத்தான்.

முதல் கேள்வி

கார் கிளம்பாவிட்டால் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்ஜின் சுற்றுகிறதா, சுற்றவில்லையா?

சுற்றவே இல்லை என்றால், கோளாறு பாட்டரிக்கும் செல்ப் மோட்டாருக்கும் இடையில் இருக்கலாம். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், தீப்பொறி வரவில்லை. அல்லது பெட்ரோல் வரவில்லை.

இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்!

விளக்கு சாட்சி சொல்லும்

சுற்றாத காருக்கு ஒரு சோதனை உண்டு. முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரி பலவீனம் என்று சந்தேகிக்கலாம். நல்ல 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாட்டரியைச் சோதிக்க வேண்டும்.

விளக்கு அடியோடு அணைந்தால், பாட்டரி முனையில் ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். முனையில் வெள்ளையாக, பச்சையாக உப்பு பூத்திருக்கும். எண்ணூர், பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த அரிப்பை இன்னும் வேகப்படுத்தும். பாட்டரியில் இருந்து காரின் உடலுக்குப் போகும் "எர்த்" ஒயரையும் மறக்கக் கூடாது.

விளக்கு மங்காமல் எரிகிறதா? அப்படியானால் மின்சாரம் செல்ப்புக்குப் போய்ச் சேரவில்லை. சாவி சுவிட்சு, சோலனாய்டு, செல்ப்புக்குள் தேய்ந்த "பிரஷ்" ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செல்ப் மோட்டாரை லேசாகத் தட்டியதும் கார் கிளம்பினால், பிரஷ் தேய்ந்ததற்கு அது அடையாளம்.

மழை நோயும் வெயில் நோயும்

என்ஜின் சுற்றியும் பிடிக்காத கார், எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் ஈரம்தான் முதல் எதிரி. தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் பல கார்கள் கிளம்பிவிடும். மூடியில் மெல்லிய விரிசல் இருந்தால் புது மூடி போட வேண்டும்.

கத்திரி வெயிலில், நீண்ட தூரம் ஓடி நிறுத்திய பிறகு என்றால் காரணம் வேறு. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பழைய டிரைவர்கள் என்ஜினில் உள்ள பெட்ரோல் பம்ப்பின் மீது ஈரத் துணியைப் போடுவது இதனால்தான். துணி போட்டதும் கிளம்பினால் பெட்ரோல்தான் காரணம். துணி போட்டும் பயனில்லையா? பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காயில், கண்டென்சர் இரண்டும் சூட்டில் படுத்து, ஆறியதும் எழுந்து கொள்ளும் சாமர்த்தியசாலிகள்!

லான்சர் போன்ற பிந்திய பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. சாவியைப் பாதி திருப்பியதும் பின்பக்கம் "ங்" என்று ஒரு சத்தம் சிறிது நேரம் கேட்க வேண்டும். கார் கிளம்பாத நாளில் அந்தச் சத்தமும் இல்லை என்றால், பம்ப்பையும் அதன் ரிலேயையும் சோதிக்க வேண்டும்.

ஆபத்தான வேலைகள்

அவசரத்தில் சிலர் கார்புரேட்டரில் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். ஒரு பொறி போதும், முகம் வெந்துவிடும். சிலர் ஸ்குரூ டிரைவரால் செல்ப் முனைகளை இணைக்கிறார்கள். கியரில் இருந்தால், கார் அவர்கள் மீதே பாயும். இந்த இரண்டையும் யாரும் செய்யக் கூடாது.

சிறு நோட்டு போதும்

செலவில்லாத நல்ல மருந்து, ஒரு சிறு நோட்டு. கார் மக்கர் செய்யும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். தேதி என்ன? காலையா, மாலையா? மழையா, வெயிலா? என்ஜின் சூடா, குளிர்ச்சியா? சுற்றியதா? விளக்கு என்ன ஆயிற்று? கடைசியில் எப்படிக் கிளம்பியது? பையனோ பெண்ணோ கூட எழுதலாம்.

நாலைந்து வரி சேர்ந்ததும் நோய் பிடிபடும். நோட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால், காரை முதல் நாள் இரவே அவரிடம் விட்டுவிடுங்கள்.

அந்த கும்மிடிப்பூண்டிக் காருக்கு என்ன நோய்? விளக்கு அணைந்தது. ஒயரை அசைத்ததும் கிளம்பியது. பாட்டரி முனையில் உப்பு பூத்திருந்தது, அவ்வளவுதான்! ஒயரைக் கழற்றி, முனையைச் சுரண்டித் துடைத்து, இறுக்கி மாட்டினால் வேலை முடிந்தது. புது பாட்டரி வேண்டாம். புது செல்ப் வேண்டாம்.

டாக்டரிடம் போனால் "எப்போது வலிக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார். பழைய காருக்கும் அதே கேள்விதான். ஆனால் காருக்கு வாய் இல்லை. அதற்காக வீட்டில் உள்ளவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.