கிணறு பல, நீர் ஒன்றே

யாழ்ப்பாணத்திலே வற்றாது ஓடும் பேராறு ஒன்றேனும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலே தோன்றித் தென்மேற்காகச் சென்று அராலியிலே கடனீரேரியோடு கலக்கும் வழுக்கையாறும் மாரி காலத்திலே மாத்திரம் ஓடுவது. எனினும், நம் முன்னோர் இம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் விளைவித்து வாழ்ந்தனர். அஃது எங்ஙனம் இயன்றது? ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாய்த் தங்குதலினாலேயாம். குளமும் கேணியும் துரவும் வெள்ளவாய்க்காலும் அந்நீரை நிலத்துக்கு ஊட்டும் வாய்களாகும்.

ஆயின், மழைநீருக்கு வழிவிடும் வெடிப்பு அழுக்குநீருக்கும் வழிவிடும். மணல் வடிகட்டும், கல்வெடிப்பு வடிகட்டாது. இதனை யான் நூலிலே கற்றேனல்லேன். என் வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றடியிலே கற்றேன்.

அயல்வீட்டு ஆச்சியின் மகள் மூன்று மாதக் குழந்தையோடு தாய்வீடு வந்திருந்தாள். குழந்தைக்கு மாப்பால் கரைப்பதற்கு அக்கிணற்று நீரே பயன்பட்டது. குடும்பநல உத்தியோகத்தர் சொற்படி நீரைச் சோதிப்பித்தபோது, நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருந்தது. அந்நஞ்சு மிகின், கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். உடல் நீலம் பாரிக்கும். நல்வினைப் பயனாய்க் குழந்தைக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. ஆனால் ஆச்சி கலங்கிப் போனார். “பண்டிதர் தம்பி, நான் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுத்தனான்” என்றார்.

கொதிப்பித்தல் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. நீர் ஆவியாக, எஞ்சிய நீரிலே அது செறியவே செய்யும். இதனை ஆச்சிக்கு உரைத்தபோது என் நாத் தழுதழுத்தது. ஏனெனில், அக்கிணற்றுக்கு அணித்தாய் உள்ளது என் வெங்காயத் தோட்டம். கைக்கு வந்தபடி யூரியாவை அள்ளி வீசி, அன்றே நீர் பாய்ச்சியவன் யான். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த காரணத்தை மாணவர்க்கு ஆண்டுதோறும் விரித்துரைத்தவனும் யானே.

அன்று மாலை அயலவர் ஐந்து வீட்டாரும் என் விறாந்தையிலே கூடினோம். பழி முழுவதும் என் தோட்டத்ததன்று என்பது பேச்சிலே விளங்கிற்று. ஒருவர் வீட்டு மலக்குழி அடிமூடாதது. மற்றொருவர் கிணற்றடியிலேயே மருந்து தெளிக்கும் கருவியைக் கழுவுபவர். ஒழுங்கையின் வெள்ளவாய்க்காலோ குப்பையினால் தூர்ந்து கிடந்தது. எனினும், முதலிலே குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டியவன் யானே, ஒப்புக்கொண்டேன். அதன்பின் ஏனையோர்க்கும் வாய் திறத்தல் எளிதாயிற்று.

அன்று துணிந்தவை இவை: பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி ஐந்து கிணற்று நீரையும் சோதிப்பித்தல், யூரியாவைப் பயிர் வேண்டும் அளவிலே பலமுறை பகிர்ந்து இடுதல், மழை வருங்குறி கண்டால் இடாதொழிதல், குழையெருவும் மாட்டெருவும் ஆயினும் அளவறிந்து இடுதல், மலக்குழியை அடிமூடிய தொட்டியாக்குதல், மருந்துக் கருவியைக் கிணற்றையும் வாய்க்காலையும் விட்டு நெடுந்தூரத்திலே கழுவுதல், புரட்டாதி கழியுமுன் வாய்க்காலையும் குளத்து வரவையும் தூர்வாருதல். தொட்டி கட்டப் பொருளில்லாத வீட்டாருக்கு ஏனைய நால்வரும் கைகொடுத்தோம். அது தருமமன்று, எம் குடிநீருக்கு யாம் இட்ட காவல்.

அடுத்த மாரி கழிந்தபின் மீளவும் சோதிப்பித்தோம். ஆச்சியின் கிணற்றிலே அளவு சற்றே தாழ்ந்திருந்தது, எல்லைக்குள் வரவில்லை. பல்லாண்டு இட்டது ஓராண்டிலே நீங்குமோ? குழந்தைக்கு இன்றும் வெளியிலிருந்தே நீர் வருகின்றது.

தமிழிலே நீர்மை என்னும் சொல் நீரின் தன்மையையும் குறிக்கும், நற்பண்பையும் குறிக்கும். அயலவரின் நீர்மை எத்தகையதோ, அவர்தம் கிணற்று நீரும் அத்தகையதே. நிலத்தின்மேல் மதில் எழுப்பிக்கொண்டோம். நிலத்தின்கீழே மதில் இல்லை. அன்பர்காள், இவ்வாண்டு மழை தொடங்குமுன் உங்கள் ஒழுங்கை வாய்க்காலை ஒருமுறை நடந்து பாருங்கள். அயல்வீட்டாரையும் உடனழைத்துச் செல்லுங்கள்.