எதனை முதலிற் செய்வது?

2 + 3 × 4 என்று கரும்பலகையில் எழுதினால், சிறுவர் பலர் 20 என்பர். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள் அவர்கள். பெருக்கலே முந்தியதென மனனஞ் செய்விப்பதால் மட்டும் அவர்களுக்குத் தெளிவு பிறவாது.

வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த தேற்றாத்தீவிலே மீனைக் கொண்டே இதனை விளக்கலாம். உதிரியாக 2 மீன்; நாரிற் கோத்த கோர்வை 3; கோர்வைக்கு 4 மீன். மொத்தம் 14 எனப் பிள்ளையே கூறிவிடும். உதிரி மீனையும் கோர்வையென்று எண்ண அதன் மனம் ஒப்பாது.

2 சிறுவர்க்கும் 3 சிறுமியர்க்கும் ஆளுக்கு 4 மீன் வீதம் கொடுப்பதாயின், முதலில் ஆட்களைக் கூட்டவேண்டும். அங்கேதான் அடைப்புக்குறி வேண்டப்படுகிறது: (2 + 3) × 4 = 20.

'பொட்மாஸ்' என்னும் சொல்லில் கூட்டல் முன்னிற்பதால், 12 − 5 + 3 என்பதற்கு 4 என விடையெழுதும் மாணவரும் உளர். கூட்டலும் கழித்தலும் சமநிலையின. அவற்றை இடமிருந்து வலமாகவே செய்தல் வேண்டும். 12 மீனில் 5 விற்றபின் 3 பிடித்தால், கையிலிருப்பது 10 அல்லவா?

பெற்றோர்களே! பிள்ளையின் விடை பிழைத்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். அக்கணக்கிற்கு ஒரு கதை சொல்லும்படி கேளுங்கள். பிழை எங்கே நேர்ந்ததென்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.