மனப்பாடம் கணக்குக்கு உதவாது

மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் தென்னேரி கிராமத்துப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் ஒரே வினாத்தாள்தான். மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் 16, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14. மீதி 70 மதிப்பெண்ணும் கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுவதற்கே. அதனால்தான் கைடைப் பார்த்து விடைகளை உருப்போடும் பழக்கம் பிள்ளைகளைக் கைவிடுகிறது. x² − 5x + 6 = 0 என்பதற்கு 2, 3 என்று மனப்பாடம் செய்தவர், வினா x² − x − 6 = 0 என்று மாறினால் தடுமாறுவார். பெருக்கினால் −6, கூட்டினால் −1 வரும் இரண்டு எண்களைத் தேடத் தெரிந்தவர் −3, 2 என்று கண்டு, 3, −2 என்ற விடைக்கு வந்துவிடுவார். அதைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

மெல்லக் கற்கும் பிள்ளை தேர்ச்சி பெற்றால் போதாதா, அதற்கு மனப்பாடம் தவறா என்று கேட்பார்கள். சூத்திரங்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். வரைதலில் தொடங்குவதும் நல்ல வழிதான். ஆனால் அந்த 16-ஐயும் ஒரு மதிப்பெண் வினாக்களின் 14-ஐயும் முழுதாகப் பெற்றாலும் 30தான். இரண்டு, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு கட்டாய வினாவும் உண்டு. அங்கே தெரிந்ததை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. டியூஷனுக்கு வசதியில்லை என்பதும் தடையல்ல. பாடநூலின் எடுத்துக்காட்டை மூடி வைத்துவிட்டுத் தானே செய்து பார்க்கக் காசு வேண்டாம். பெற்றோரே, எத்தனை பக்கம் படித்தாய் என்று கேட்காதீர்கள். இன்று எந்தக் கணக்கைப் பார்க்காமல் போட்டாய் என்று கேளுங்கள்.