கண்ணாடி வழியே – 17: பழுப்பு ஏறிய பெங்களூர்

120 காட்சிகள், ஒவ்வொன்றிலும் 50 பிரதிகள். பெருக்கினால் ஆறாயிரம் படங்கள். உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் ஏற்றிய தாளில், வெயிலை நம்பி, பெங்களூரில் அச்சிடப்பட்டவை. அச்சிட்டவர் மதராஸ் ராணுவத்தின் கேப்டன் லினேயஸ் ட்ரைப். 1855-இல் பர்மா மன்னர் மிண்டோனின் அமரபுரா அரசவைக்குப் போன ஆங்கிலத் தூதுக்குழுவில் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்தார். அங்கே எடுத்ததையெல்லாம் பெங்களூருக்குக் கொண்டுவந்து, 1857-இல் தொகுப்பாக்கி முடித்தார்.

சென்ற வாரம் கறுப்பு வெள்ளையைப் பற்றிப் பேசினோம். நந்தி மலையில் எடுத்த படத்துக்குச் செபியா என்கிற பழுப்பு நிறம் போட்டால் காலம் கடந்த தோற்றம் வந்துவிடுமா என்பது இந்த வாரக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ட்ரைப்பைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். பர்மாவுக்கு முன்பே, 1854 கடைசியில், ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படமெடுத்து, மறு ஆண்டு மதராஸ் கண்காட்சியில் வைத்தவர் அவர். கர்நாடகத்தில் பயணப் புகைப்படம் என்று எதையாவது முதலில் சொல்வதென்றால், அந்தப் படங்களைத்தான் சொல்வேன்.

அவை ஏன் பழுப்பு? யாரும் பழுப்பை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. வெயில் பட்டே உருவம் தெரியும் தாளில் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை. அந்த நுண்மைதான் கண்ணுக்குச் செம்பழுப்பாகத் தெரிகிறது. பின்னாளில் டெவலப்பரில் போட்டு எடுத்த தாள்களில் வெள்ளி சுருள்சுருளாகப் படியும், அதனால் கறுப்பு. ட்ரைப் போன்றவர்கள் அச்சைத் தங்கக் குளோரைடு கரைசலில் போட்டு எடுத்தார்கள். செம்பழுப்பு அடங்கி ஊதா கலந்த நிறம் வரும். படமும் சீக்கிரம் வெளிறாது. வெளிறுவதுதான் அன்றைக்குப் பெரிய பயம். தாளில் மிச்சமிருக்கும் ஹைப்போ என்ற நிலைநிறுத்தி உப்பு, ஈரக்காற்று, இரண்டும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே ஓரத்திலிருந்து மஞ்சளாக அரித்துவிடும். இன்று பழைய ஆல்பங்களில் நாம் பார்த்து உருகும் மஞ்சள் பழுப்பு, பல நேரம், சரியாகக் கழுவாத தாளின் நோய்.

செபியா டோனிங் என்று நாம் சொல்வது இதற்குப் பிந்தியது. எம்.ஜி. ரோடு ஸ்டூடியோக்களின் காலத்து இருட்டறையில் நின்றவர்களுக்கு அதன் நாற்றம் தெரியும். அச்சிட்டு முடித்த கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த நீரில் போட்டால் உருவம் வெளுத்துக் கரைந்துபோகும். பிறகு சோடியம் சல்ஃபைடில் போட வேண்டும். அழுகிய முட்டை வாடைதான்; பக்கத்து அறையில் புதுத் தாள் கட்டு இருந்தால் அதுவும் கெட்டுவிடும். ஆனால் தட்டுக்குள் படம் பழுப்பாக மீண்டும் எழும். வெள்ளி இப்போது வெள்ளி சல்ஃபைடாகிவிட்டது. அது சாதாரண வெள்ளியைவிட உறுதியானது. காற்று அவ்வளவு எளிதில் தொடாது. கழுவாத ஹைப்போவில் அரைகுறையாக ஒட்டியிருந்தால் படத்தைத் தின்கிற அதே கந்தகம், முழுதாகச் சேர்ந்துவிட்டால் படத்துக்குக் காவல். பின்னர் வந்த தயோயூரியா முறையில் நாற்றமில்லை, காரத்தைக் கூட்டிக் குறைத்தால் நிறத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம்.

ஆக, பழுப்பு ஏறியது படம் நிலைக்க வேண்டும் என்ற கவலையில். இன்று கைப்பேசியில் விரலால் தட்டி ஏற்றுகிற பழுப்பு, படம் எப்போது எடுத்தது என்பதை மறைக்கும் ஆசையில். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. செபியா காலமின்மையைக் காட்டுகிறது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது ஒரு குறிப்பிட்ட காலத்தைத்தான் காட்டுகிறது, துரைமார் குதிரையில் போன காலத்தை. கப்பன் பூங்காவில் பழுப்பு ஏற்றினால் தாத்தா வீட்டு ஆல்பம் ஞாபகம் வரும்; நகரை நிறுவிய கெம்பேகவுடாவின் ஞாபகம் வராது.

அப்படியானால் எங்கே எடுபடும்? லால்பாக் பாறையில். மேலே கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற பலகையும் உண்டு. பாறைக்கு நிறம் முக்கியமில்லை. வரி, விரிசல், மழைநீர் வழிந்த தடம், சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேட்டுக்கும் விழுகிற நிழல், இவைதான் படம். காலை ஏழு மணிக்கு இவை இருக்கும், பதினொரு மணிக்கு இருக்காது. ராமநகராவின் கருங்கல் குன்றுகளும் அப்படியே. ‘ஷோலே’ இந்திப் படத்தில் வண்ணத்தில் பார்த்த குன்றுகள்தான், பழுப்பிலும் ஒன்றும் குறையாது. நந்தியில் மூடுபனி அடுக்கடுக்காகப் பிரியும்போது முன்மரம் கரும்பழுப்பு, தூரத்து முகடு கிட்டத்தட்டத் தாளின் நிறம் என்று வரும், பார்க்கவே சுகம். தபேபூயா பூத்த தெருவுக்கு மட்டும் வேண்டாம். ரோஜா நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுள்ளி.

கைப்பேசி வடிகட்டி எல்லாப் படத்துக்கும் ஒரே விகிதத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்து, மேலே ஒரே பழுப்பைப் பூசுகிறது. வெள்ளையும் பழுப்பு, நிழலும் பழுப்பு. டீ கொட்டிய தாள் மாதிரி. அதற்குப் பதிலாக ரா (RAW) கோப்பில் எடுத்து, முதலில் நல்ல கறுப்பு வெள்ளையாக்குங்கள். பிறகு நிழலுக்கு ஒரு நிறமும் வெளிச்சத்துக்கு ஒரு நிறமுமாகத் தனித்தனியே கொடுங்கள். இருட்டறையிலும் பாதி வெளுப்பிலேயே தாளை எடுத்துவிட்டால் வெளிச்சப் பகுதிதான் முதலில் பழுக்கும், நிழல் கறுப்பாகவே நிற்கும். அந்த வேறுபாடுதான் படத்துக்கு ஆழம்.

ட்ரைப் காலத்துப் பார்வையே வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு. அன்றைய ரசாயனத்துக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும்; சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தைத் தூக்கி, சிவப்பை அடியோடு இறக்கிப் பாருங்கள். பெங்களூரின் செம்மண் கரியாகிவிடும், குல்மொஹர் பூ இலையோடு கலந்து இருண்டுவிடும், வானம் வெறும் வெள்ளைத் தாளாகும். அந்த வெற்று வானம் ட்ரைப்புக்கும் பிடிக்கவில்லை. தாள் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார்! ஃபோட்டோஷாப்பைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேகத்தில் இவ்வளவு சலுகை எடுத்துக்கொண்டவர் மற்றதில் கறார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றியபோது, தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாகத் துண்டு துண்டாக எடுத்து, ஒரே நீள்படமாக ஒட்டினார். அழகுக்காக அல்ல, படிப்பதற்காக. மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்தும்வரை வேலை நடந்தது.

இன்றைக்கு வருவோம். ராமநகராவில் பாறைக்குக் குறுக்கே மின்கம்பி போகிறது. பழுப்பு ஏற்றுவதற்கு முன் அதை அழிக்கத்தான் எல்லோருக்கும் கை போகிறது. நான் விட்டுவிடச் சொல்வேன். பழுப்பில் மெட்ரோ தூண்கூட நன்றாகத்தான் இருக்கிறது.