கோப்பின் பெயரை நம்பலாமா?

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை அம்பலமானபோது, நிறுவனங்கள் முதலில் விடை தேடிய கேள்வி, அது நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறது என்பதுதான். பலர் கோப்பின் பெயரைத் தேடினார்கள். பெயரை யாரும் மாற்றலாம். அதிலுள்ள பதிப்பு எண்ணை வெட்டிவிட்டாலும் நிரல் வழக்கம்போல ஓடும். உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஹேஷ் எண் அப்படியல்ல. எஸ்எச்ஏ-256 முறை எவ்வளவு பெரிய கோப்பையும் 256 பிட் எண்ணாகச் சுருக்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறும்; பெயர் மட்டும் மாறினால் அசையாது. ஜாவா லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரல், ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் கணக்கிட்ட எண்ணை வெளியிடுகிறது. ஜாவா நிரல்களை அடைத்துவைக்கும் ஜார் கோப்பு ஒன்று அநாமதேயமாகக் கிடைத்தால், அதன் எண்ணை அங்கே தேடலாம்; பொருந்தினால் லைப்ரரியும் பதிப்பும் தெரிந்துவிடும்.

எஸ்எச்ஏ-1 உடைந்துபோன முறையாயிற்றே என்பார்கள். உண்மைதான். 2017இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் ஒரே எண் தரும் இரு வேறு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டின. ஆனால் அவை ஜோடியாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. ஏற்கெனவே வெளிவந்த ஒரு கோப்பின் எண்ணுக்குப் பொருந்த இன்னொன்றைச் செய்வது வேறு வேலை. அதை யாரும் செய்து காட்டியதில்லை. பழைய கோப்பை இனங்காண எஸ்எச்ஏ-1 போதும். சதியைச் சந்தேகித்தால் எஸ்எச்ஏ-256தான் வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. ஜார் என்பது உள்ளுக்குள் ஜிப் கோப்புதான். அதே நிரலை மறுபடி கட்டினால் நேர முத்திரை மாறி, எண்ணும் மாறிவிடலாம். பல லைப்ரரிகளை ஒரே ஜாருக்குள் அடைப்பதும் சகஜம். வேடிக்கை என்னவென்றால், லாக்4ஜே நெருக்கடியில் சொல்லப்பட்ட தற்காலிக மருந்தே ஜாரிலிருந்து ‘ஜேஎன்டிஐலுக்அப்’ கிளாஸை நீக்குவதுதான். மருந்து சாப்பிட்ட ஜார் எந்தப் பட்டியலிலும் பொருந்தாது! இதற்காக ஹேஷைக் கைவிட வேண்டியதில்லை. ஜாரைப் பிரித்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்புக்கும் தனித்தனியே எண் கணக்கிட்டால் பெரும்பாலானவை அகப்படும். பேக்கேஜ் பெயர்களையே மாற்றி அடைத்திருந்தால் இதுவும் பலிக்காது. ஆகவே பொருத்தம் சாட்சி. பொருந்தாமை எதற்கும் சாட்சியல்ல.

பொருந்துவதும் நற்சான்றிதழ் ஆகாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பிடிபட்ட பின்கதவு, அதிகாரபூர்வமான 5.6.0, 5.6.1 வெளியீடுகளுக்குள்ளேயே இருந்தது. ஹேஷ் சரிபார்ப்பு அவற்றை அசல் என்றே சொல்லியிருக்கும். அசல்தான், நல்லதல்ல. பொருந்தாமையும் சாட்சியல்ல என்பதால், சோதனை அறிக்கை எழுதுபவர்களே, எண் பொருந்தாத கோப்புக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதாமல் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.